ஜீனா, ஹார்மோனா? பூப்படையாத பெண்ணின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கேள்வி இதுதான்: அக்கா மகளுக்கு 16 வயது முடிந்துவிட்டது, இன்னும் பூப்படையவில்லை. முதலில் பார்த்த டாக்டர் "ஹார்மோன் பிரச்சினைதான், மாத்திரையில் சரியாகிவிடும்" என்றார். இரண்டாவது டாக்டர் குரோமோசோம் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இனப்பெருக்க உறுப்புகளை நடத்துவது ஜீனா, ஹார்மோனா, யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இரண்டாவது டாக்டர் பக்கம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீனும் ஹார்மோனும் இரண்டு எதிர்க்கட்சிகள் கிடையாது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து படிப்படியாகத் தயாராகின்றன. ஒவ்வொரு படியையும் நடத்த என்சைம் என்ற ஒரு புரதம், ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு ஜீன். தயாரான ஹார்மோன் ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது, போய்ச் சேரும் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ள 'ஏற்பி' என்ற புரதம் வேண்டும். அதற்கும் தனி ஜீன். ஹார்மோனைச் சுரக்கும் சூலகமும் விரையும் உருவானதே வேறு சில ஜீன்களால்தான். அப்புறம் அதே ஹார்மோன், ஏற்பியோடு சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போய் எத்தனையோ ஜீன்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிறது. ஆகவே இந்தத் தொடர் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்றுதான் தேட வேண்டும். இடம் தெரிந்தால்தான் மருந்து.

ஆரம்பத்திலிருந்து வருவோம். கருவுக்கு ஆறு வாரம் ஆகும்வரை அதன் பாலுறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சூலகமாகவோ விரையாகவோ ஆகக்கூடிய ஒரே மாதிரியான சுரப்பி, கூடவே இரண்டு ஜோடிக் குழாய்கள், எல்லாக் கருவிலும் இருக்கும். ஒரு ஜோடி பின்னால் கருப்பையாகவும் சினைக்குழாய்களாகவும் மாறக்கூடியது. இன்னொரு ஜோடி விந்துக் குழாய்களாக மாறக்கூடியது. பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு எக்ஸ்ஒய். அந்த ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீன் ஏறக்குறைய இந்தக் கட்டத்தில் கொஞ்ச காலம் வேலை செய்து, அந்தச் சுரப்பியை விரையாக்கும் பாதையில் தள்ளிவிடுகிறது. 1990இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. அடுத்த ஆண்டே, எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட எலிக் கருவில் இந்த ஜீனைச் செலுத்தினார்கள். விரையோடு ஆண் எலி வளர்ந்தது. ஆனால் அதற்கு விந்தணு உருவாகவில்லை. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஜீன் தள்ளிவிட்டதும் ஹார்மோன் பொறுப்பேற்கிறது. இதை 1947இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் என்பவர் முயல்களை வைத்துக் காட்டினார். தாய் முயலின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் குட்டியிடமிருந்து, ஆண், பெண் எனப் பிரிவதற்கு முன்பே அந்தச் சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டார். ஒரு முயல் கருவில் அந்த வேலை செய்வதற்கு எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குட்டிகள், குரோமோசோம் எதுவாக இருந்தாலும், எல்லாமே கருப்பையோடு பெண்ணுருவில் இருந்தன. சுரப்பியை எடுத்த இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் படிகத்தை வைத்தால் ஆண் குழாய்கள் வளர்ந்தன, ஆனால் கருப்பைக் குழாய்கள் கரையவில்லை. அப்படியென்றால் விரை இன்னொரு பொருளையும் சுரக்க வேண்டும், அதுதான் கருப்பையைக் கரைக்கிறது என்று ஜோஸ்ட் ஊகித்தார். ஊகம் சரியாகவே இருந்தது. அந்தப் பொருளைத்தான் இன்று குழந்தைப்பேறு மையங்களில் ஏ.எம்.எச். என்ற பெயரில் ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள். ஆண் கருவில் கருப்பையை அழிக்கும் அதே ஹார்மோனை வளர்ந்த பெண்ணின் சூலகத்தில் முட்டையைச் சுமக்கும் நுண்பைகளும் சுரக்கின்றன. அது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து முட்டை இருப்பு எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் அக்கா மகளின் ஸ்கேனில் முதலில் பார்க்க வேண்டியதே கருப்பை இருக்கிறதா என்பதுதான். இருந்தால் ஒரு பாதை, இல்லாவிட்டால் வேறு பாதை.

கருப்பை இல்லை, ஆனால் மார்பக வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றால், பொதுவாக இரண்டு காரணங்களில் ஒன்று. ஒன்று, எக்ஸ்எக்ஸ் குரோமோசோமோடு சூலகம் நன்றாக இருந்தும் கருப்பை மட்டும் உருவாகாமல் போனது. இன்னொன்று ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களுக்குத்தான் ஆண்ட்ரோஜன் என்று பெயர்). இதில் குரோமோசோம் எக்ஸ்ஒய். வயிற்றுக்குள் விரை இருக்கும், ஆண்களுக்குரிய அளவில் டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனால் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஏற்பி ஜீன் பழுதாகியிருப்பதால் உடலில் எந்தச் செல்லும் அதைப் பயன்படுத்திக்கொள்ளாது. ஏ.எம்.எச். ஏற்பியில் கோளாறில்லாததால் கருப்பை கரைந்துவிடும். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பகத்தை வளர்க்கும். அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி மிகக் குறைவாக இருக்கும். இவர்கள் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர்கள், பெண்கள்தான். மாதவிலக்கு வராமல் போகும்போதுதான் விஷயமே வெளியே வருகிறது.

டெஸ்டோஸ்டிரோன் அளவை மட்டும் பார்க்கிறவர் "ஆண் அளவில் இருக்கிறது" என்று திகைப்பார். ஏற்பியைத் தெரிந்தவர் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். விளையாட்டு உலகம் இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள நிறையப் பேர் விலை கொடுத்தார்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ்-பாத்தினோ 1985இல் ஜப்பானின் கோபேயில் குரோமோசோம் சோதனையில் எக்ஸ்ஒய் என்று தெரிந்து ஒதுக்கப்பட்டார். தன் உடலுக்கு ஆண்ட்ரோஜன் பயன்படவே இல்லை என்று வாதாடி, 1988இல் மீண்டும் தகுதி பெற்றார். நம் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனைக்குப் பிறகு இழந்தார். அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஹார்மோன் இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு என்சைம் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? இதற்கு டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கில் உள்ள சலினாஸ் என்ற ஊரை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே பெண் குழந்தை என்று நினைத்து வளர்க்கப்பட்ட சில பிள்ளைகளுக்கு, 12 வயது வாக்கில் குரல் உடைந்தது, தசை திரண்டது, விரை கீழே இறங்கியது, ஆண்குறி வளர்ந்தது. ஊருக்கு இது அதிசயமே இல்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெயரே புழக்கத்தில் இருந்தது. ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம், டெஸ்டோஸ்டிரோன் சரியான அளவில். ஆனால் அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமான வடிவமாக மாற்றும் என்சைம் குறைவு.

இங்கேதான் நுணுக்கம். உள்ளே இருக்கும் விந்துக் குழாய்களுக்கு டெஸ்டோஸ்டிரோனே போதும், அதனால் அவை சரியாக உருவாகிவிட்டன. வெளியுறுப்புக்கும் புராஸ்டேட்டுக்கும் வீரியமான வடிவம் தேவை. அது இல்லாததால் பிறக்கும்போது வெளியுறுப்பு பெண்ணுடையது போலத் தெரிந்தது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகி வந்தபோது அந்த வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்துவிட்டது. ஒரே ஹார்மோன், ஒரே உடல், உறுப்புக்கு உறுப்பு வேறு வேறு தேவை. இவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, முன் வழுக்கையும் விழவில்லை. அதைக் கவனித்த மருந்து ஆராய்ச்சியாளர்கள் அந்த என்சைமைத் தடுக்கும் ஃபினஸ்டரைடை உருவாக்கினார்கள். 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி, 1997இல் வழுக்கைக்கு. நம்மூர் மருந்துக்கடைகளில் முடி கொட்டுவதற்கு வாங்கும் மாத்திரையின் கதை அந்த ஊரில் தொடங்குகிறது.

இந்த என்சைமுக்கான ஜீன் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் கோளாறு தெரியும். சிறிய ஊரில் உறவுக்குள்ளேயே மணம் செய்துகொண்டதால்தான் சலினாஸில் இது குவிந்தது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால், டாக்டர் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதில் தேடலைப் பாதியாகச் சுருக்கிவிடும்.

இன்னொரு என்சைம் குறைபாட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் விஷயம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் இல்லாவிட்டால், கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஆக வேண்டியது ஆண்ட்ரோஜனாகத் திரும்பிவிடும். எக்ஸ்எக்ஸ் பெண் குழந்தை ஆண் போன்ற வெளியுறுப்போடு பிறக்கலாம். வெளியுறுப்பு தெளிவில்லாமல் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதையும் உறவினர் கேள்விகளையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பாருங்கள். உப்பு இழக்கும் வகையாக இருந்தால் இரண்டாவது வாரத்திலேயே குழந்தை சுருண்டுவிடும். அவசரம் இதில்தான், கத்தியில் இல்லை. இப்படி ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது; அதே ஆண்டு தமிழக அரசும் தடை ஆணை போட்டது.

சரி, ஸ்கேனில் கருப்பை இருக்கிறது, ஆனால் சிறியதாக இருக்கிறது, மார்பக வளர்ச்சியும் இல்லை என்றால்? ஈஸ்ட்ரோஜன் சுரக்கவில்லை என்று பொருள். முதல் டாக்டர் சொன்ன "ஹார்மோன் பிரச்சினை" இதுவாக இருக்கலாம். ஆனால் ஏன் சுரக்கவில்லை?

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற சிறு ஹார்மோனை அனுப்புகிறது. அதற்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைப் பெற்று எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை விடுகிறது. அவை சூலகத்தை ஈஸ்ட்ரோஜன் சுரக்க வைக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மேலே சுரப்பு குறையும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுபோகிற மாதிரி. தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் இடைவிடாமல் ஓடுகிறது என்றால் கோளாறு மேலே வரும் குழாயிலோ தொட்டியிலோதான். ஈஸ்ட்ரோஜன் குறைவு, எஃப்.எஸ்.எச். மிக அதிகம் என்றால் பழுது சூலகத்தில். இரண்டுமே குறைவு என்றால் பழுது மூளைப் பக்கம். ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.எச். என்ற ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு.

கருப்பை இல்லாதபோது போலவே, எஃப்.எஸ்.எச். அதிகமாக இருந்தாலும் குரோமோசோம் டெஸ்ட் கட்டாயமாகிறது. அடிக்கடி காணப்படும் காரணம் டர்னர் நிலை, அதாவது இரண்டு எக்ஸுக்குப் பதில் ஒன்று. பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர். தாயின் வயிற்றில் 20 வாரப் பெண் கருவில் 60, 70 லட்சம் முட்டை செல்கள் இருக்கும், பிறக்கும்போது 10, 20 லட்சமாகக் குறையும், பூப்படையும்போது 3, 4 லட்சம்தான் மிஞ்சும். டர்னர் நிலையில் இந்தக் குறைவு மிக வேகமாக நடந்து, பெரும்பாலோருக்குப் பருவ வயதுக்கு முன்பே முட்டைகள் தீர்ந்துபோகின்றன. டர்னர் நிலையில் உயரமும் குறையும், பிள்ளை வகுப்பில் குள்ளமாக இருந்தாளா என்று டாக்டர் கேட்பது இதனால்தான். உறுதியானால் இதயத்துக்கு எக்கோ கண்டிப்பாக எடுக்க வேண்டும், தைராய்டும் பார்க்க வேண்டும். வெறும் மாத்திரையோடு அனுப்பிவிட்டால் இதெல்லாம் விட்டுப்போகும்.

அபூர்வமாக, சூலகத்தில் முட்டை இருந்தும் எஃப்.எஸ்.எச். ஏற்பி ஜீன் பழுதாகியிருக்கலாம். பின்லாந்தில் பல குடும்பங்களில் ஒரே மாற்றம் இருப்பதை 1995இல் கண்டார்கள். எவ்வளவு எஃப்.எஸ்.எச். ஊசி போட்டாலும் பயனில்லை.

எஃப்.எஸ்.எச். குறைவாக இருந்தால், ஒரு விநோதமான கேள்வியைக் கேட்க வேண்டும்: காபிப் பொடி வாசனை தெரிகிறதா? ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்பு செல்கள் மூளையில் பிறப்பதில்லை. கருவின் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளின் வழியைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நகர்ந்து போகின்றன. அந்த வழியை அமைக்கும் ஜீன்களில் ஒன்று பழுதானால் அவை பாதியிலேயே நின்றுவிடும். வாசனையும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நிலை என்று இதற்குப் பெயர். ஆண்களிடம் அதிகம், பெண்களிடமும் உண்டு. பிறவியிலேயே வாசனை தெரியாத பிள்ளைக்கு அது குறை என்றே தெரிந்திருக்காது, கேட்டால்தான் வெளியே வரும். ஆனால் மூளைப் பக்கக் கோளாறு எல்லாமே ஜீன் கிடையாது. சாப்பாட்டை ஒறுத்து எடை மிகக் குறைந்த பெண்ணுக்கும், நீண்ட தூரம் ஓடும் வீராங்கனைக்கும் ஹைப்போதாலமஸ் இந்தச் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டு இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: இந்த ஜி.என்.ஆர்.எச். எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எப்படி வருகிறது என்பதும் முக்கியம். பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் வெளியிட்ட சோதனையில், ஹைப்போதாலமஸ் செயலிழந்த குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை ஆறு நிமிடம் இதைச் செலுத்தினார்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் திரும்பி வந்தன. அதையே இடைவிடாமல் செலுத்தியபோது இரண்டும் விழுந்துவிட்டன. புராஸ்டேட் புற்றுநோய்க்கும், எண்டோமெட்ரியோசிஸுக்கும் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்), ஆறு ஏழு வயதிலேயே பருவமடையும் குழந்தைகளுக்கும் போடும் மாத ஊசிகள் இந்த இரண்டாவது விளைவைத்தான் பயன்படுத்துகின்றன: தூண்டும் ஹார்மோனையே விடாமல் கொடுத்து அடக்குகிறார்கள்.

தொட்டி, மோட்டார் கணக்கும் எப்போதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதச் சுழற்சியின் நடுவில், முதிர்ந்த நுண்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓர் அளவைத் தாண்டி இரண்டு நாள் போல நீடித்தால், அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அதே ஹார்மோன் எல்.எச்.சைப் பொங்க வைக்கிறது. பொங்க ஆரம்பித்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். சோதனைக் குழாய் சிகிச்சையில் இரவு சரியாக இத்தனை மணிக்கு ஊசி என்று நர்ஸ் கறாராகச் சொல்வது இதற்குத்தான்.

உங்கள் கேள்வி பெண் பிள்ளையைப் பற்றியது என்றாலும், ஆண்கள் பக்கம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்கள் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்ததைக் கண்டதும் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரப்பை நிறுத்திவிடும்; விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் விந்தணு உருவாகும், அது சரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண் கருத்தடையாகச் சோதித்து 1990இல் வெளியிட்டது: வாரம் 200 மில்லிகிராம் ஊசி, ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு சுத்தமாக இல்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

அந்த எக்ஸ்எக்ஸ் ஆண் எலியையும் இங்கே முடித்துவிடலாம். விரை உருவாக எஸ்.ஆர்.ஒய். போதும், விந்தணுவுக்கு ஒய் குரோமோசோமின் வேறு ஜீன்கள் வேண்டும். மனிதரில் ஒய் குரோமோசோமின் ஏ.இசட்.எஃப். என்ற பகுதி துண்டிக்கப்பட்டிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தும் விந்தணு எண்ணிக்கை பூஜ்யமாகலாம். துண்டிப்பு அதன் 'ஏ' உட்பகுதி முழுவதிலும் இருந்தால் விரையைத் திறந்து தேடியும் பயனில்லை, 'சி' பகுதி என்றால் கிடைக்க வாய்ப்புண்டு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆறு மாதம் ஹார்மோன் ஊசி போட்டுக் காசைக் கரைத்தவர்கள் நிறைய.

இனி உங்கள் அக்கா மகளுக்கு. 15 வயதிலும் மாதவிலக்கு வராவிட்டால், அல்லது 13 வயதிலும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பது பொது விதி, ஆகவே தாமதிக்காதீர்கள். முழு உடல் பரிசோதனை, ஸ்கேன், ரத்தத்தில் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்), புரோலாக்டின், தைராய்டு. கர்ப்பச் சோதனையும் எடுப்பார்கள், அது எல்லோருக்கும் எடுப்பது, சங்கடப்பட வேண்டாம். இவற்றை வைத்துக் குரோமோசோம் டெஸ்ட். மாதாந்திர வலி மட்டும் வந்து ரத்தம் வராமல் இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். வெளியே வரும் வழி பிறவியிலேயே அடைத்திருக்கலாம், ஜீனும் வேண்டாம் ஹார்மோனும் வேண்டாம், சிறு அறுவை சிகிச்சையில் சரியாகும்.

முடிவு எதுவாக இருந்தாலும் அந்தப் பெண்ணிடமே, அவளுக்குப் புரியும்படி, டாக்டர் சொல்லட்டும். வீட்டுப் பெரியவர்கள் மறைத்துவைத்துப் பின்னால் அவளே ரிப்போர்ட்டைப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லதில்லை.

முதல் டாக்டர் எழுதிய மாத்திரையை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்திருந்தால், கருப்பை இருந்து, வெளியே வரும் வழியும் அடைபடாத பெரும்பாலோருக்கு மாத்திரை முடிந்ததும் ரத்தப்போக்கு வந்துவிடும். வீட்டில் பூப்படைந்துவிட்டாள் என்று சடங்குக்கு நாள் பார்த்துவிடுவார்கள், காரணம் அப்படியே இருக்கும். போதாததற்கு எஃப்.எஸ்.எச். அளவையும் அந்த மாத்திரை அடக்கிவிடும், ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தால் எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று இரண்டாவது டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை வாரம் நிறுத்திவிட்டு ரத்தம் எடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.